அனுப்பிவிடாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள்: வன்னிக்கு வரும் புது அதிபருக்கு

பாடசாலையைப் பொறுப்பேற்கும் நாளில் திறப்புக் கோர்வை ஒன்று உங்கள் கைக்கு வரும். இருப்புப் பதிவேடு வரும், காசுப் புத்தகம் வரும், உடைந்த கதிரை மேசைகளின் கணக்கும் வரும். ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பிள்ளை இரவில் நித்திரையில்லாமல் கிடக்கிறது என்பதை மட்டும் எவரும் எழுதித் தரமாட்டார்கள். எனக்கும் தரவில்லை. நான் அதிபராக இருந்த முதல் பாடசாலையில் ஒரு பிள்ளையின் கஷ்டம் எனக்குத் தெரியவந்தபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். பிழைத்துவிட்டாள். பிறகு விசாரித்தால், அவளைப் பற்றி மூன்று ஆசிரியர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அந்த மூன்று கொஞ்சத்தையும் ஓரிடத்தில் சேர்க்க ஆள் இருக்கவில்லை. சேர்த்திருக்க வேண்டியவன் நான்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியா நகரத்திலிருந்தோ துணுக்காய், ஒட்டுசுட்டான், பூநகரி, நெடுங்கேணி, மடு என்று முதன்முதலாக அதிபராக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உளவளத்துணையாளராக மாறுங்கள் என்று கேட்கப்போவதில்லை. அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். தற்கொலையை நினைக்கும் அளவுக்குக் கஷ்டத்தில் இருக்கும் பிள்ளை ஒருவரின் கையிலிருந்து இன்னொருவரின் கைக்குப் போகும்போது நடுவில் விழுந்துவிடாமல் பார்ப்பதுதான் அதிபரின் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று துண்டு எழுதி அனுப்புவது வேறு. கூட்டிக்கொண்டு போய், இன்னாரிடம் இத்தனை மணிக்கு ஒப்படைத்தேன் என்று சொல்லக்கூடியதாக இருப்பது வேறு. எங்கள் பக்கத்தில் பஸ் நேரம், ஒருநாள் கூலி, ஊருக்குள் என்ன சொல்வார்களோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து, அனுப்பப்பட்ட பிள்ளையைப் பாதி வழியிலேயே திருப்பிவிடும்.

வீட்டில் இரவில் யார் இருக்கிறார்கள்?

முதல் இரண்டு கிழமைக்குள் ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். தாய் தகப்பன் பெயர், தொழில் எல்லாம் அனுமதிப் படிவத்தில் இருக்கும். இரவில் வீட்டில் யார் என்பது அதில் இராது. தாய் மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோடு. தகப்பன் தூரத்தில் மேசன் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். ஒருவன் சித்தப்பா வீட்டில் ஒட்டிக்கொண்டு இருக்கிறான். இதெல்லாம் படிவம் கொடுத்துக் கேட்டால் வராது, ஆசிரியர் பேச்சுவாக்கில் கேட்டால் வரும். விடை தெரியாத ஆசிரியரை ஏசாதீர்கள், இன்னும் இரண்டு கிழமை கொடுத்துத் திரும்பக் கேளுங்கள்.

இப்போது சாதாரண தரம் எழுதும் பிள்ளைகள் போர் முடிந்த 2009ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். ஷெல் சத்தம் அவர்களுக்கு நினைவில் இல்லை. “இவையளுக்கு என்ன கஷ்டம் தெரியும்” என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு அடிக்கடி வரும். அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த வீடு போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலையும், பிறகு மெனிக்பாம் அகதி முகாமையும் கடந்து வந்த வீடு. உடம்பில் ஷெல் துண்டோடு கூலி வேலைக்குப் போகும் தகப்பன் அங்கே இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்திக்கொண்டு, 2017இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டக் கொட்டிலில் போய் இருந்த அம்மம்மா இருக்கலாம். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். ஆள் ஆளாகக் காயப்பட்டதோடு, குடும்பமும் ஊரும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்து காயப்பட்டது என்பது அதன் சாரம்.

அதற்காக எல்லாவற்றையும் போரின் தலையில் கட்டிவிடவும் கூடாது. இதே வீடுகளிலிருந்து வரும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், சிரிக்கிறார்கள். தற்கொலைக்குக் காரணம் இதுதான் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. பல நாள் சேர்ந்த பாரத்தின் மேல் நேற்று நடந்த ஒன்று வந்து விழுகிறது. நேற்று நடந்தது பெரும்பாலும் எங்கள் கண்ணுக்குச் சின்ன விசயமாக இருக்கும். போன் பிடிபட்டது. காதல் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. கணிதத்தில் சித்தி இல்லை. நுண்கடன்காரர் வாசலில் நின்று தாயை ஏசினார், ரியூசனால் வந்த பிள்ளை படலைக்கு வெளியே நின்று அதைக் கேட்டது.

மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தாள்

தேவைப்படும் நாளில் இலக்கம் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலவச அழைப்பு, 24 மணித்தியாலமும் எடுக்கலாம். 1990 இலவச அம்புலன்ஸ். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. இந்த மூன்றையும் எழுதிவிட்டு, 1926க்கு ஒருமுறை நீங்களே எடுத்துத் தமிழில் பேசிப் பாருங்கள். ஒரு பிள்ளையிடமோ தாயிடமோ அந்த இலக்கத்தைக் கொடுக்கும்போது, எடுத்தால் என்ன நடக்கும் என்று உங்கள் வாயால் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும்.

இதைவிட முக்கியமானது உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. கிளிநொச்சியோ, முல்லைத்தீவு மாஞ்சோலையோ, வவுனியாவோ, மன்னாரோ, எது கிட்டவோ அங்கே ஒரு வேலைநாள் காலையில் நேரே போங்கள். வைத்தியரைச் சந்தித்து, இந்தப் பாடசாலைக்கு அதிபராக வந்திருக்கிறேன், ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டி வந்தால் யாருக்கு எடுப்பது, எந்த நாளில் கிளினிக், இரவில் என்றால் என்ன செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஊருக்குக் கிட்டிய சின்ன ஆஸ்பத்திரிக்கு உளநல கிளினிக் நடத்த வருகிறார்களா என்றும் கேளுங்கள். முகம் தெரிந்தால் பிறகு வேலை சுலபம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்கள். அவர்களின் இலக்கங்கள், சுகாதார வைத்திய அதிகாரியின் இலக்கம், கிராம அலுவலர், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் பெண்கள் பிரிவு எல்லாம் அதே தாளில் வரட்டும்.

மூன்று பேர் போதும்

குழு என்றதும் பெரிய கூட்டமும் தலைவர் செயலாளர் தெரிவும் வேண்டாம். வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவர், நீங்கள், இன்னும் ஒருவர். மூவரில் ஒரு பெண் கட்டாயம் இருக்கவேண்டும். மூவரில் ஒருவராவது அந்த ஊரில் குடியிருப்பவராக இருக்கவேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் பல ஆசிரியர்கள் வெள்ளி ஒன்றரைக்கு மணி அடித்ததும் யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வெள்ளி பின்னேரத்திலிருந்து திங்கள் காலைவரை உங்கள் பிள்ளைகளோடு அந்த ஊரில் யார் மிஞ்சுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த மூவரும் கிழமைக்கு ஒருநாள் இருபது நிமிடம் இருந்து கதைக்கவேண்டும். வியாழனில் வையுங்கள், வெள்ளியில் வேண்டாம். வரவு இடாப்பை விரித்து, மூன்று நாள் தொடர்ந்து வராதவர்கள், அடிக்கடி பாதியில் வீட்டுக்குப் போகக் கேட்பவர்கள், யாராவது ஆசிரியர் “எனக்கு ஒரு மாதிரி இருக்கு” என்று சொன்ன பிள்ளைகள் என்று பெயர் பெயராகப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வாரம் யார் போய்க் கதைப்பது என்று முடிவெடுத்துவிட்டு எழும்புங்கள். ஐந்தாறு ஆசிரியர்கள் மட்டுமே உள்ள சின்னப் பாடசாலை என்றால் இரண்டு பேர் போதும், ஆனால் அந்த இருபது நிமிடம் இருக்கட்டும்.

மைக்கை எடுக்குமுன்

உங்கள் கையில் முழுதாக இருக்கும் விசயம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி தூரமாக இருக்கலாம், உத்தியோகத்தர் விடுப்பில் இருக்கலாம். உங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் வெட்கப்படுத்தப்படுவதா இல்லையா என்பதை மட்டும் நீங்கள் ஒருவரே தீர்மானிக்கலாம்.

காலைப் பிரார்த்தனையில் மைக் எப்படிப் பாவிக்கப்படுகிறது என்று முதல் வாரம் சும்மா நின்று பாருங்கள். தலைமயிர் வெட்டாதவனை முன்னுக்குக் கூப்பிடுவது, வசதிக் கட்டணம் கட்டாதவர்களின் பெயரை வாசிப்பது, கொப்பிக்குள் பிடிபட்ட கடிதத்தை வகுப்பில் உரத்துப் படிப்பது, பிடிபட்ட போனுக்குள் இருக்கும் படங்களை ஆசிரியர்கள் கைமாற்றிப் பார்ப்பது. சாதியைச் சொல்லி, அல்லது மலையகத்திலிருந்து வந்த குடும்பம் என்பதைச் சொல்லி ஒரு பிள்ளையை மட்டந்தட்டுவது. நல்ல ஆசிரியர்கள் என்று பெயர் எடுத்தவர்களும் இதைச் செய்வார்கள், ஒழுக்கம் என்று நம்பித்தான் செய்வார்கள். உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது, அது கந்தோரில் கோவைக்குள் கிடக்கும். சொல்லால் அடிப்பதும் அந்த அளவுக்குக் காயப்படுத்தும். பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு உலகம் என்பது அந்த மண்டபத்தில் நிற்கும் நானூறு பேர்தான். அவர்கள் முன் முகம் போனால் எல்லாமே போனது போல இருக்கும்.

இரண்டு சட்டம் போடுங்கள். ஒன்று: எந்தப் பிள்ளையின் பிழையும் இன்னொரு பிள்ளையின் முன்னால் பேசப்படாது. கதவு திறந்த ஓர் அறையில், இரண்டு பெரியவர்கள் இருக்க, அவனோடு மட்டும் பேசவேண்டும்.

மற்றது: பெரிய பிழை ஒன்று பிடிபட்ட நாளில் அந்தப் பிள்ளை தனியாக வீட்டுக்குப் போகக்கூடாது. “நாளைக்குத் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வா, இல்லாட்டி வராதே” என்று சொல்லிச் சைக்கிளில் அனுப்பிவிடுகிறோமே, அந்தப் பிள்ளை அந்த ஒன்றரை மைலை எப்படிப் போகும், வீட்டில் வாயைத் திறந்து எப்படிச் சொல்லும் என்று நாங்கள் யோசிப்பதில்லை. பெற்றோரை நீங்களே அழையுங்கள். வந்ததும் முதலில் அவர்களைத் தனியே இருத்தி ஆறவிடுங்கள். “ஐயா, பிள்ளை பிழை விட்டிருக்கு, அதைத் திருத்தலாம். இண்டைக்கு வீட்டில அடியும் ஏச்சும் வேண்டாம், இரவு ஒராள் கூட இருங்கோ” என்று சொல்லி, பிள்ளையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை பிடிபட்டால், அவசரமில்லாத விசாரணையைத் திங்களுக்குத் தள்ளுங்கள்.

பரீட்சை முடிவு நாளையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முன்பு முடிவு பாடசாலைக்கு வரும், ஆசிரியர் அருகில் இருப்பார். இப்போது பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வந்ததும், இரவானாலும், பிள்ளை தனியாகப் போனில் பார்க்கிறது. அடுத்த நாள் வாசலில் 9 ஏ எடுத்தவர்களின் படத்தோடு பெனர் தொங்குகிறது. பெனர் வேண்டாம் என்று சொல்ல முடியாவிட்டால், முடிவு வருமுன் ஒன்றையாவது செய்யுங்கள்: சித்தியடையமாட்டார்கள் என்று ஆசிரியர்கள் நினைக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு முடிவு வந்த இரவே ஓர் ஆசிரியர் போன் எடுக்கட்டும். அடுத்த முறை எழுதுவது, தொழிற்பயிற்சி, உயர்தரத்துக்கு வேறு பாடப்பிரிவு என்று என்ன வழி உண்டு என்பதைச் சொல்ல அவர் தயாராக இருக்கவேண்டும். எப்போதும் 8 ஏ, 9 ஏ என்று எதிர்பார்க்கப்படும் பிள்ளையையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். ஒரு பாடத்தில் பி வந்ததைத் தாங்கமுடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எதைப் பார்ப்பது

நீண்ட பட்டியல் ஆசிரியருக்கு நினைவில் நிற்காது. மாற்றத்தைப் பாருங்கள் என்று சொன்னால் போதும். கதைத்தவன் கதைக்கவில்லை, பந்தடித்தவன் மதிலோரம் இருக்கிறான், வடிவாக எழுதிய கொப்பி கிறுக்கலாகிவிட்டது, சாப்பாட்டைத் தொடவில்லை. தனக்குப் பிடித்த பொருளைச் சும்மா கொடுக்கிறாள். கட்டுரையில், வட்ஸ்அப் ஸ்டேட்டஸில், “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்ற மாதிரி வரி வருகிறது. பல நாள் வாடியிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால் அதையும் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். முன்பு ஒருமுறை முயன்ற பிள்ளை என்றால் மற்ற எல்லா அறிகுறிகளையும் விட அதற்கே முதலிடம். “கவனத்தை ஈர்க்கச் செய்யிறாள்” என்று ஓர் ஆசிரியர் சொன்னால், சரி, கவனம் வேண்டித்தானே கேட்கிறாள், கொடுப்போம் என்று சொல்லுங்கள்.

நேரே கேளுங்கள்

சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை, கூடுவதும் இல்லை. இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. யாரிடமும் சொல்லமுடியாமல் வைத்திருந்ததை ஒரு பெரியவர் பயப்படாமல் கேட்கிறாரே என்று பிள்ளைக்கு மூச்சு வரும். அப்படி நடந்ததை நானே கண்டிருக்கிறேன். மரத்துக்குக் கீழேயோ, நூலகத்தின் ஒரு மூலையிலோ இருந்து, மணிக்கூட்டைப் பார்க்காமல் கதையுங்கள். இந்த மாதிரிப் போகும்:

“தம்பி, கொஞ்ச நாளா நீ ஆரோடயும் கதைக்கிறேல்லை எண்டு ரீச்சர் சொன்னவ. எனக்கும் அப்பிடித்தான் தெரியுது. என்ன நடக்குது?”

“ஒண்டுமில்லை சேர்.”

“சரி. கஷ்டம் கூடேக்க சிலபேருக்கு இனி உயிரோட இருந்து என்ன எண்டு வரும். உனக்கு அப்பிடி வந்திருக்கா? சாகவேணும் எண்டு யோசிச்சிருக்கிறியா?”

பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை உபதேசத்தால் நிரப்பாதீர்கள். ஆமாம் என்று தலை அசைந்தால் முகத்தைக் கடுமையாக்காமல், “சொன்னது நல்லது. உன்னைத் தனிய விடமாட்டன்” என்று சொல்லுங்கள். எப்படிச் செய்ய நினைத்தாய், எப்போது, அதற்கு வேண்டியது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

“அம்மாவை நினைச்சுப் பார்”, “இதெல்லாம் ஒரு பிரச்சினையா”, “நாங்கள் படாத கஷ்டமா” என்ற மூன்றையும் சொல்லவேண்டாம். கடைசியாகச் சொன்னது வன்னியில் எங்கள் எல்லோருடைய நாவிலும் நுனியில் நிற்பது. உண்மையும்கூட. ஆனால் பிள்ளைக்கு அது, உன் கஷ்டத்துக்கு இங்கே இடமில்லை என்றுதான் கேட்கும். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணவும் கூடாது. “இதை நாங்கள் இன்னொராளிட்டயும் சொல்லவேணும், ஆரிட்ட முதல் சொல்லுறது எண்டு நீயும் சொல்லு” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெயர் வரும்.

அந்த நாளில்

பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மலசலகூடத்துக்குப் போனாலும் ஓர் ஆசிரியை வாசலில் நிற்கட்டும். வகுப்புக்குத் திருப்பி அனுப்பவேண்டாம். வீட்டுக்கு எடுக்குமுன், “வீட்டில ஆரைக் கூப்பிட்டா உனக்கு ஆறுதல்?” என்று கேளுங்கள். கஷ்டமே வீட்டிலிருந்து வருகிறது என்றால், பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால், அந்த ஆளைக் கூப்பிட்டுவிடக்கூடாது. அப்போது 1929, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பொலிஸ் சிறுவர் பெண்கள் பிரிவு என்ற வழியில் போகவேண்டும். குடும்ப மானம் என்று யார் வந்து கேட்டாலும் அதை மூடக்கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையோடு பாடசாலையிலிருந்து ஒருவர் போகவேண்டும். முன்பே அழைத்துச் சொல்லிவிட்டுப் போங்கள். வைத்தியரைக் கண்டு, அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் திரும்பவேண்டும். ஏற்கெனவே ஏதோ செய்துவிட்டதாகப் பிள்ளை சொன்னாலோ சந்தேகம் வந்தாலோ, “எனக்கு ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறன்” என்று சொன்னாலும் நம்பிக் காத்திருக்காமல் உடனே 1990. கைமருந்து ஒன்றும் வேண்டாம்.

பொலிஸ் வழக்காகும் என்று பயந்து குடும்பங்கள் இதை மறைக்கும். இலங்கையில் தற்கொலை முயற்சி 1998இலிருந்து குற்றமல்ல. இந்த ஒரு வரியைத் தாய் தகப்பனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அது தெரியாததாலேயே ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

வீட்டாருடன் பேசும்போது தோட்டத்து மருந்தைப் பற்றிக் கட்டாயம் பேசவேண்டும். வெட்கப்படாமல் நேரே சொல்லுங்கள்: கிருமிநாசினி, களைநாசினி, அம்மம்மாவின் குளிசைகள் எல்லாவற்றையும் பூட்டி, திறப்பை ஒரு பெரியவர் வைத்திருக்கவேண்டும், அல்லது கொஞ்ச நாளைக்கு வேறு வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கவேண்டும். “சாக நினைச்சவன் எப்பிடியும் செய்வான்தானே” என்று பதில் வரும். அது பிழை என்பதற்கு எங்கள் நாடே சாட்சி. 1995 அளவில் இலங்கையில் ஆண்டுக்கு 1 இலட்சம் பேரில் 47 பேர்வரை தற்கொலையால் இறந்தார்கள், உலகிலேயே மிகக்கூடிய விகிதங்களில் ஒன்று. மிக நஞ்சான பூச்சிமருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்ட பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. சாகவேண்டும் என்ற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அந்த நேரம் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தால் பல உயிர் தப்பிவிடும். அப்படியே உங்கள் பாடசாலையின் விவசாயக் களஞ்சியத்தையும் இரசாயன அலுமாரியையும் போய்ப் பாருங்கள். திறப்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால் அதை முதலில் எடுங்கள்.

நடந்ததைச் சம்பவத் திரட்டில் எல்லோரும் வாசிக்க எழுதிவைக்காதீர்கள். திகதி, நேரம், யாரிடம் ஒப்படைத்தீர்கள், அடுத்த கிளினிக் நாள் என்பதை ஒரு தனிக் கோவையில் எழுதி நீங்கள் பூட்டி வையுங்கள்.

திரும்பி வரும் நாள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளைக்கு ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் நாங்கள் விடும் பெரிய பிழை. வீடு திரும்பிய முதல் கிழமைகளும் அடுத்த சில மாதங்களும் கூடுதல் கவனம் வேண்டிய காலம். வருவதற்கு முதல்நாள் நீங்கள் வீட்டுக்குப் போங்கள். யாருக்கு என்ன தெரியவேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். “காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ சேர்” என்று கேட்டால், “சுகமில்லை, இப்ப தேறிவிட்டா” என்று மட்டும் சொல்வோம் என்று பேசிக்கொள்ளுங்கள். தவறிய பாடங்களுக்கும் தவணைப் பரீட்சைக்கும் அவசரப்படுத்தவேண்டாம். காலையில் வந்ததும் முகத்தைப் பார்க்க ஓர் ஆசிரியர் வேண்டும். வகுப்பில் பொறுக்கமுடியாமல் போனால், காரணம் சொல்லாமல் எழும்பிப் போய் இருக்க ஓரிடமும் வேண்டும். கிளினிக் நாளில் பஸ் காசு இல்லை என்றால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ பழைய மாணவர்களிடமோ பெயர் சொல்லாமல் அந்தக் காசைக் கேட்கலாம், கொடுப்பார்கள்.

பிள்ளைகளுக்குப் பிள்ளைகள்

ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பாடசாலைகளில் 11,000க்கு மேற்பட்ட மாணவர்களோடு ஓர் ஆய்வு நடந்து, 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சில பாடசாலைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிலவற்றில் மாணவர்களிடம் வினாக்கொத்து நிரப்பி, ஆபத்தில் இருப்பவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வேறு சிலவற்றில் மாணவர்களோடேயே நாலு கிழமையில் ஐந்து மணித்தியாலம் கதைத்து, நடித்துக் காட்டி, மனக் கஷ்டம் வந்தால் என்ன செய்வது, நண்பனுக்கு வந்தால் என்ன செய்வது என்று பழக்கினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சுவரொட்டி மட்டும் ஒட்டிய பாடசாலைகளோடு ஒப்பிட முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது மாணவர்களோடு கதைத்த பாடசாலைகளில்தான்.

எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை. பிள்ளை முதலில் சொல்வது பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குத்தான். கேட்ட பிள்ளை சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொள்கிறது. ஆகவே தவணைக்கு ஒருமுறை, தரம் 9க்கு மேல், வகுப்பு வகுப்பாக, சின்னக் கூட்டமாக இருத்தி ஒரு விசயத்தையாவது பழக்குங்கள்: சாவைப் பற்றிய இரகசியத்தைக் காப்பாற்றத் தேவையில்லை. அதைப் பெரியவர் ஒருவரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது அல்ல. யாரிடம் சொல்லலாம் என்று மூன்று பெயரை ஒவ்வொருவரும் தங்கள் கொப்பியின் கடைசித் தாளில் எழுதட்டும். ஆசிரியர் பெயர் ஒன்றும் எழுதாத வகுப்பு இருந்தால், அது உங்களுக்குச் செய்தி.

ஒரு பிள்ளையை இழந்துவிட்டால்

எல்லாம் செய்தும் நடக்கலாம். அன்றைக்கு நீங்கள் முதலில் போகவேண்டியது அந்த வீட்டுக்கு. பாடசாலையில் என்ன சொல்லலாம் என்று அவர்களிடம் கேளுங்கள். பிறகு ஆசிரியர்களைக் கூட்டி ஒரே செய்தியைச் சொல்லி, வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்ல வையுங்கள். மைக்கில் சொல்லவேண்டாம். எப்படி, எங்கே என்ற விவரம் ஒன்றும் வேண்டாம். கோழை என்றும் சொல்லவேண்டாம், இனி அவளுக்கு நிம்மதி என்றும் சொல்லவேண்டாம். இரண்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளையைத் தொடும்.

எங்கள் பத்திரிகைகளும் இணையத்தளங்களும் “தவறான முடிவெடுத்து” என்று எழுதுகின்றன. மென்மையாகச் சொல்வதாக நினைக்கிறார்கள். அந்தச் சொல் இறந்த பிள்ளையின் மேல் பிழையைப் போடுகிறது, தாயைக் குத்துகிறது. தற்கொலையால் இறந்தார் என்பது போதும். செய்தியாளர் வந்தால் படமும் கடிதமும் கொடுக்காதீர்கள். ஒரே காரணத்தைச் சொல்லாதீர்கள், 1926ஐப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு மரணத்தின் பின் இன்னொன்று தொடரும் ஆபத்து இளவயதில் அதிகம். நெருங்கிய நண்பர்கள், காதலித்தவர், கடைசியாகச் சண்டை பிடித்தவர், சகோதரங்கள், ஏற்கெனவே உங்கள் வியாழன் பட்டியலில் இருக்கும் பிள்ளைகள், இவர்களை அன்றைக்கே ஆள் ஆளாகப் பாருங்கள். மச்சாள், ஒன்றுவிட்ட தம்பி என்று பக்கத்துப் பாடசாலைகளில் இருப்பார்கள், அந்த அதிபர்களுக்கும் எடுங்கள். வீதியெல்லாம் கண்ணீர் அஞ்சலிப் பெனர், பெரிய மேடை, நினைவுக் கிண்ணப் போட்டி ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வேறு எந்தக் காரணத்தால் ஒரு பிள்ளை இறந்தாலும் என்ன செய்வீர்களோ அதே அளவு மரியாதை போதும். செத்தவீட்டுக்கு வகுப்பு போகும்போது ஆசிரியர்கள் கூடப் போய்க் கூடத் திரும்பட்டும். முப்பத்தொன்றும் ஆண்டுத்திவசமும் உங்கள் நாட்குறிப்பில் இருக்கட்டும், அந்த நாட்களை ஒட்டி அந்த வகுப்பைத் திரும்பப் பாருங்கள். போர் முடிந்த மே மாதம் இங்கே எப்படியும் கனக்கும் மாதம், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களையும் பாருங்கள். “நான் அண்டைக்கு ஏசினனான்” என்று உள்ளுக்குள் வெந்துகொண்டு ஒருவர் இருப்பார். அவரைத் தனியே இருத்திக் கதையுங்கள், தேவையானால் அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கும் நித்திரை வராது. 1926 அதிபர்களுக்கும் உரியது.

சில வருடத்தில் உங்களுக்கு இடமாற்றம் வரும். திறப்புக் கோர்வையையும் காசுப் புத்தகத்தையும் கொடுக்கும் அன்றைக்கு, புது அதிபரை உங்கள் மூவர் குழுவில் ஊரில் இருக்கும் அந்த ஆசிரியரோடு ஒன்றாக இருத்துங்கள். கதவைச் சாத்திவிட்டு, பூட்டி வைத்த கோவையைத் திறந்து, பெயர் பெயராகச் சொல்லுங்கள்: இந்தப் பிள்ளைக்கு அடுத்த கிளினிக் இன்ன திகதி, இவள் காலையில் முகம் பார்த்துச் சிரித்தால் கதைப்பாள், இவனுடைய அம்மம்மாவின் போன் இலக்கம் இது.